ஆண், பெண் கல்லீரல் கொலஸ்ட்ராலைக் கையாள்வதில் ஏன் வேறுபாடு?

கல்லீரல் செல்லில் மரபணுக்கள் இருபாலருக்கும் ஏறக்குறைய ஒன்றுதானே, பிறகு ஏன் இந்த வேறுபாடு என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. மரபணு இருப்பது வேறு, அது வேலை செய்வது வேறு. டி.என்.ஏ. இழை ஹிஸ்டோன் புரதங்களில் நூல்கண்டு போலச் சுற்றியிருக்கும். எந்த இடம் தளர்ந்திருக்கிறதோ அந்த மரபணுதான் பேசும்.

ஆண், பெண் கல்லீரலில் வெவ்வேறு இடங்களை அப்படித் தளர்த்துவதில் பெரும்பங்கு வளர்ச்சி ஹார்மோனுக்கு. ஆண் எலியில் அது சுமார் மூன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை குபுகுபுவெனச் சுரந்து, பிறகு அடங்கிவிடும். பெண் எலியில் அவ்வளவு இடைவெளி விடாமல் கசிந்துகொண்டே இருக்கும். அளவைவிட இந்தத் தாளம்தான் முக்கியம்: ஆண் எலிக்கு ஹார்மோனைத் தொடர்ந்து ஏற்றினால், அதன் கல்லீரல் பெண் எலியில் அதிகம் இயங்கும் மரபணுக்களை இயக்கத் தொடங்குகிறது! எனக்கு இன்றும் வியப்பூட்டும் சோதனை இது.

சரி, கொலஸ்ட்ரால்? ஈஸ்ட்ரோஜன் என்ற பெண் ஹார்மோன், எல்.டி.எல். எனப்படும் கெட்ட கொழுப்பைப் பிடித்து உள்ளிழுக்கும் ஏற்பிகளைக் கல்லீரல் செல்லின் மேற்பரப்பில் கூட்டுகிறது, இரத்தத்திலிருந்து அந்தக் கொழுப்பு அதிகம் உறிஞ்சப்படுகிறது. மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைந்துவிடுவது, பெண்களுக்கு எல்.டி.எல். ஏறுவதற்கு ஒரு முக்கியக் காரணம். நாற்பது வயதில் எடுத்த பரிசோதனை முடிவை ஐம்பத்தைந்தில் நம்பியிருக்காதீர்கள்.