குரோமர் பப் அறை: தாராளமா போங்க

இங்கிலாந்துல நார்ஃபோக் பக்கம் குரோமர்ங்கிற ஊர்ல, கடலோரப் பப் மாடியில ரெண்டு ராத்திரி அறை போட்டிருக்கோம், அம்மாவும் 6 வயசுப் பொண்ணும் கூட வர்றாங்க, சரிப்படுமான்னு கேட்டிருந்தீங்க. சரிப்படும். பெரியவங்க கூட இருந்தா பிள்ளைங்களைப் பெரும்பாலான பப்ல சாப்பிட விடுவாங்க. எத்தனை மணி வரைக்கும்னு மட்டும் கேட்டுக்குங்க.

சத்தம்தான் பிரச்சினை. பாருக்கு நேர் மேல இருக்கிற அறை வேண்டாம்னு இன்னைக்கே போன் போட்டுச் சொல்லுங்க. வேற ஊர்ல நான் அப்படி மாட்டிக்கிட்டு, 11 மணிக்கு, பாரை மூடுறதுக்கு முன்னாடி கடைசி ஆர்டர்னு மணி அடிக்கிற வரைக்கும் கொட்டக் கொட்ட முழிச்சிட்டுக் கிடந்தேன். மாடிப்படியையும் விசாரிங்க, பழைய கட்டடங்கள்ல லிஃப்ட் அபூர்வம்.

மதியம் ரெண்டரை வாக்குல பல இடத்துல அடுப்பை அணைச்சிடுவாங்க, அப்புறம் சாயங்காலம்தான். மேஜையில உக்காந்து யாராவது வருவாங்கன்னு காத்திருக்காதீங்க. பல பப்ல பார்ல போய்த்தான் ஆர்டர் சொல்லணும்.

குரோமர் நண்டை மட்டும் விட்டுடாதீங்க. வெள்ளைச் சதையும் பழுப்புச் சதையும் தனித்தனியா ஓட்டுக்குள்ளயே வச்சு, எலுமிச்சைத் துண்டு, வெண்ணெய் தடவின ரொட்டியோட குளிர்ச்சியா வரும். வெள்ளை இனிக்கும், என்னைக் கேட்டா பழுப்புதான் ருசி. அம்மாவுக்குச் சப்புன்னு இருக்கும், பையில கொஞ்சம் மிளகுப்பொடி எடுத்துப் போட்டுக்குங்க.