மோகுவா பிஞ்சு ஏன் உதிர்கிறது?

கேள்வி: சீனத் தோழி கொடுத்த மோகுவா (சுணை போர்த்திய பூசணி வகைக் காய்) விதையைப் போட்டேன். பந்தல் நிறையக் கொடி, கொடி நிறையப் பூ. ஆனால் உரம் போட்டும் பிஞ்சுகள் விரல் அளவிலேயே மஞ்சளாகி உதிர்கின்றன. தப்பித்த ஒரே காயைச் சாம்பாரில் போட்டேன். சுணை நாக்கை அரித்தது. என்ன செய்வது?
– ஒரு வாசகி, ஈப்போ, மலேசியா

பதில்: உரத்தை நிறுத்துங்கள், சகோதரி. பெரும்பாலும் இது மகரந்தம் சேராத குறைதான். என் வீடும் ஈப்போவில் ஒரு வரிசை வீடு. தேனீ வருவது அபூர்வம். இரண்டு மாதம் நானும் உங்களைப் போலவே தவித்தேன். கான்டனீஸ் என்னும் சீன மொழி பேசும் பக்கத்து வீட்டுப் பாட்டிதான் கையைப் பிடித்துக் காட்டிக்கொடுத்தார்.

விடிந்தவுடன் பந்தலடிக்குப் போங்கள். நீண்ட காம்பில் நிற்பது ஆண்பூ. குட்டைக் காம்பில், பூவுக்குக் கீழே வெல்வெட் போல வெண்சுணை போர்த்திய குட்டிக் காயுடன் இருப்பது பெண்பூ. ஆண்பூவைப் பறித்து, இதழ்களை உரித்துவிட்டு, மஞ்சள் பொடி நிற்கும் நடுப்பகுதியைப் பெண்பூவின் நடுவில் மெல்லத் தடவுங்கள். வெயில் ஏறுமுன் செய்துவிட வேண்டும். மூன்றாம் நாள் பிஞ்சு பருத்திருந்தால் பிடித்துவிட்டது என்று பொருள். உடனே காகிதப் பை கட்டுங்கள். இல்லாவிட்டால் பழ ஈ துளைத்து முட்டையிட்டுவிடும்.

பூத்த ஏழு முதல் பத்து நாளில், ஒரு சாண் நீளத்தில் பறித்துவிடுங்கள். இன்னும் பெருக்கட்டும் என்று தயவுசெய்து விட்டுவைக்காதீர்கள். விதை முற்றினால் சதையின் மென்மை போய்விடும்.

சுணைக்கு வருவோம். கான்டனீஸில் 'மோ' என்றால் மயிர், 'குவா' என்றால் பூசணி, சுரை போன்ற காய். பெயரிலேயே சுணை இருக்கிறது. தோலைச் சீவி எறியாமல், கத்தியின் முதுகால் ஓடும் தண்ணீரில் சுரண்டுங்கள். சுணை போய், உள்ளே இளம்பச்சை அப்படியே நிற்கும்.

சாம்பாரில் புளி இதன் மென்சுவையை மூடிவிடுகிறது என்பது என் கருத்து. தென்சீனத்துக் குவாங்டோங் வீடுகளின் முறையில் ஒருமுறை செய்து பாருங்கள். ஒரு பிடி உலர்ந்த இறாலையும், பாசிப்பயற்று மாவில் செய்த கண்ணாடிச் சேமியாவையும் தனித்தனியே ஊறவையுங்கள். பூண்டு, இறால் வதக்கி, விரல் துண்டுகளாக நறுக்கிய காயைப் போட்டு, இறால் ஊறிய நீரையும் ஊற்றி மூடுங்கள். காய் கண்ணாடியாகத் தெரியும்போது சேமியா. அது சாற்றை உறிஞ்சியதும் வெள்ளை மிளகுத்தூள் தூவி இறக்குங்கள்.

இந்தக் குழம்புக்குக் கான்டனீஸில் ஒரு பெயர் உண்டு: 'பெரியம்மா மகளைக் கட்டிக்கொடுக்கிறாள்'. நாமோ இதே இனத்து முற்றிய காயைக் கல்யாணப் பூசணி என்கிறோம்! பாட்டியிடம் இதைச் சொன்னபோது என் கையைத் தட்டித் தட்டிச் சிரித்தார்.

கேள்வி: விதைக்கு ஒரு காயை விடலாமா? அருகிலேயே கல்யாணப் பூசணியும் இருக்கிறது.
– அதே வாசகி

பதில்: விடலாம். ஆனால் இரண்டும் ஒரே இனம், கலந்துவிடும். விதைக்கான பெண்பூவை முந்தின மாலையே, மொட்டாக இருக்கும்போது நூலால் கட்டிவிடுங்கள். மோகுவாவின் ஆண்பூ மொட்டு ஒன்றையும் அப்படியே கட்டுங்கள். காலையில் இரண்டையும் அவிழ்த்து, மகரந்தம் தடவி, பெண்பூவை மறுபடி கட்டிவிடுங்கள். காம்பில் சிவப்பு நூல் ஒன்று முடிந்துவையுங்கள். வீட்டில் யாரும் தெரியாமல் பறித்துவிட மாட்டார்கள்.