நூலக வரி யாருடைய பணம்? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: எங்கள் ஊராட்சியில் கொடுத்த ரசீதில் வீட்டு வரி 200 ரூபாய் என்றும், அதன் கீழே நூலக வரி 20 ரூபாய் என்றும் எழுதியிருக்கிறது. எங்கள் ஊரில் நூலகமே இல்லை. பக்கத்து ஊரில் உள்ள ஊர்ப்புற நூலகத்தின் கூரையும் மழைக்கு ஒழுகுகிறது. அந்த 20 ரூபாய் யாருக்குப் போகிறது? (வாசகர், விழுப்புரம் மாவட்டம்)

பதில்: பெரும்பாலோர் மொத்தத் தொகையைப் பார்த்துவிட்டு ரசீதை மடித்து வைத்துவிடுவார்கள். தாங்கள் அடுத்த வரியையும் படித்திருக்கிறீர்கள். அந்த 20 ரூபாய் ஊராட்சியின் வருமானம் அன்று. 1948-ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டப்படி, சொத்து வரியிலும் வீட்டு வரியிலும் ரூபாய்க்கு 10 காசு வீதம் கூடுதலாக வசூலித்து, மாவட்டத்தின் பொது நூலகங்களை நடத்தும் மாவட்ட நூலக ஆணைக்குழுவிடம் உள்ளாட்சி அமைப்பு ஒப்படைக்க வேண்டிய தொகை அது. தொடக்கத்தில் இது ரூபாய்க்கு அரையணாவாக (ஒரு ரூபாய்க்கு 16 அணா என்ற பழைய கணக்கில்) இருந்தது, பிறகு உயர்த்தப்பட்டது.

இந்த வரி சட்டத்தில் இடம்பெற்றதற்குப் பின்னால் ஒரு பிடிவாதம் உண்டு. சீர்காழியில் பிறந்தவரும் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகராக 1924-இல் பொறுப்பேற்றவருமான எஸ்.ஆர். ரங்கநாதன், ஆண்டுதோறும் அரசின் தயவை எதிர்பார்த்து நிற்கும் நூலகம் நிலைக்காது என்றும், அதற்கென்று ஒரு வரி சட்டத்திலேயே எழுதப்பட வேண்டும் என்றும் விடாமல் வாதாடினார். கல்வி அமைச்சராக இருந்த அவினாசிலிங்கம் செட்டியார் காலத்தில் சென்னை மாகாணத்தில் அது சட்டமாயிற்று. பின்னாளில் மகாராஷ்டிரமும் (1967) மேற்கு வங்கமும் (1979) நூலகச் சட்டம் இயற்றியபோது வரியை விட்டுவிட்டன. அங்கே நூலகங்கள் அரசு மானியத்தையே நம்பியிருக்கின்றன.

"எங்கள் ஊரில் நூலகம் இல்லையே" என்ற தங்கள் ஆதங்கத்துக்கு என் பதில் தங்களுக்கு முழுவதும் பிடிக்காமல் போகலாம். உங்கள் ஊரில் 300 வீடுகள் இருந்து, எல்லோரும் உங்களைப் போலவே 20 ரூபாய் செலுத்தினாலும், ஆண்டுக்குச் சேருவது 6,000 ரூபாய்தான். அதைக் கொண்டு ஒரு நூலகருக்கு ஒரு மாதச் சம்பளம்கூடத் தர முடியாது. நகரத்துக் கடைத்தெருவின் வரியும் சிற்றூர்க் கூரை வீட்டின் வரியும் மாவட்ட அளவில் ஒரே நிதியில் சேருவதால்தான், தன் வரியைக் கொண்டு மட்டும் நூலகம் நடத்த முடியாத ஊருக்கும் ஒன்று கிடைக்க வழி பிறக்கிறது. இந்த ஏற்பாட்டில் எனக்குக் குறையில்லை. குறை வேறிடத்தில் இருக்கிறது: வசூலித்த வரியை உரிய காலத்தில் ஆணைக்குழுவிடம் செலுத்தாமல் உள்ளாட்சிகள் நிலுவை வைப்பது நெடுநாள் புகார். பிறருக்காக வாங்கிய பணத்தைத் தம் கைச்செலவுக்கு வைத்துக்கொள்வதற்கு நிதி நெருக்கடி ஒரு சமாதானம் ஆகாது என்பது என் கருத்து.

தாங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், 10 ரூபாய் நீதிமன்ற வில்லை ஒட்டி, ஊராட்சியின் பொதுத் தகவல் அலுவலருக்கு ஒரு மனு எழுதுங்கள். கடந்த 5 ஆண்டுகளில் நூலக வரியாகக் கேட்கப்பட்ட தொகை, வசூலான தொகை, ஆணைக்குழுவுக்குச் செலுத்திய தொகை, செலுத்திய தேதி ஆகிய நான்கையும் ஆண்டுவாரியாகக் கேளுங்கள். உங்கள் ஊராட்சியிலிருந்து எவ்வளவு வந்து சேர்ந்தது என்று மாவட்ட நூலக அலுவலகத்துக்கும் அதே நாளில் இன்னொரு மனு அனுப்புங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். இரண்டு பதில்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், ஒழுகும் கூரைக்கான பணம் எந்த மேசையில் தங்கியிருக்கிறது என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

கேள்வி: அமெரிக்காவில் என் மகள் வசிக்கும் இடத்தில் நூலகத்துக்கென்றே தனி வரி வட்டாரம் இருப்பதாகவும், மக்களே வாக்களித்து அதை அமைத்ததாகவும் சொல்கிறாள். நம் முறையைவிட அது மேலானதா? (வாசகி, மதுரை)

பதில்: அங்கே நூலக வட்டாரம் என்பது பல மாநிலங்களில் நகராட்சியிலிருந்து பிரிந்த தனி அமைப்பு. அதன் எல்லை நகர எல்லையோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. வரவு செலவைத் தீர்மானிக்க அதற்கென ஒரு அறங்காவலர் குழு உண்டு. அக்குழுவைச் சில மாநிலங்களில் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள், சிலவற்றில் நியமிக்கிறார்கள். மதிப்பிடப்பட்ட சொத்தில் ஆயிரம் டாலருக்கு ஒரு டாலர் என்பதை அவர்கள் ஒரு 'மில்' என்பார்கள். வரி விகிதத்தை அந்தக் கணக்கில் சொல்வது பல மாநிலங்களில் வழக்கம்.

அங்கும் பொதுவாக நூலகமே வரி வசூலிப்பதில்லை. கவுன்டி (நம் மாவட்டம் போன்ற நிர்வாகப் பிரிவு) அலுவலகம் எல்லா வரிகளையும் சேர்த்து வாங்கி, அவரவர் பங்கைப் பிரித்து அனுப்புகிறது. ஆகவே நடுவில் ஒரு கை இருப்பது மட்டும் குற்றம் ஆகாது. பிரித்து அனுப்புவது வழக்கமாகிவிட்டதா என்பதே கேள்வி. வாக்கெடுப்பு முறைக்கும் ஒரு விலை உண்டு. வரியை உயர்த்தும் கோரிக்கை தோற்றுப்போனால், நூலகம் திறந்திருக்கும் நேரத்தைக் குறைக்க வேண்டிவரும். சொத்து மதிப்புக் குறைந்த வட்டாரத்துக்குச் செழிப்பான பக்கத்து வட்டாரத்தின் வரியில் பங்கும் கிடையாது. அந்த ஒரு விஷயத்தில் நம் மாவட்ட நிதி மேலானது என்றே சொல்வேன்.

கேள்வி: வரியும் வாங்கிக்கொண்டு, புரவலராகச் சேர 1,000 ரூபாயும் கேட்கிறார்களே? (வாசகர், கரூர்)

பதில்: வரி கட்டாயம்; நூலகத்துக்கு நன்கொடையாகத் தரும் புரவலர் தொகை விருப்பம். தராவிட்டாலும் தங்களுக்குப் புத்தகம் கொடுக்க மறுக்க முடியாது. தந்தால், நூலகச் சுவரில் மாட்டியிருக்கும் புரவலர் பலகையில் தங்கள் பெயரும் இடம்பெறும்.