“பிள்ளைங்க வந்து பார்க்கிறாங்களா?” என்றதும் கதவு ஏன் சாத்தப்பட்டது

வணக்கம். சென்னையிலிருந்து சிங்கப்பூர் வந்து எட்டு மாதம் ஆகிறது, சனிக்கிழமைகளில் தோ பாயோ வாடகை வீடுகளுக்குச் சாப்பாடு கொண்டுபோகிறேன் என்று எழுதியிருந்தீர்கள். “பிள்ளைங்க வந்து பார்க்கிறாங்களா?” என்று கேட்டதும் ஒரு சீனத் தாத்தா கதவைச் சாத்திவிட்டார். இன்னொரு ஆன்ட்டி “யூ இந்தியா வன் ஆ? ஒய் கம் ஹியர்?” என்றதும் உங்களுக்கு வாயடைத்துவிட்டது. சீனம் படித்தால் சரியாகுமா என்பது உங்கள் கேள்வி.

மொழி கொஞ்சம் உதவும். ஆனால் சிக்கலில் பாதி, நாம் பாசம் என்று நினைத்துக் கேட்கும் கேள்விகளில் இருக்கிறது. பிள்ளைகள், சம்பளம், வாடகை, வியாதி பற்றி விசாரிப்பது ஊரில் அக்கறை. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) ஓரறை வாடகை வீட்டில் இருப்பவர் இதே கேள்விகளுக்கு உதவி விண்ணப்பத்தில் பதில் எழுதி எழுதிச் சலித்தவர். பக்கத்து வீட்டுக்காரர் காதில் விழும்படி வாசலில் நின்று நீங்களும் கேட்டால் அவருக்கு அது விசாரணைதான். ஒரே வீட்டில் இரண்டு தாத்தாக்கள் இருந்தால் அண்ணன் தம்பியா என்றும் கேட்காதீர்கள். உறவில்லாத இரண்டு தனியாட்கள் சேர்ந்து வாடகைக்கு எடுக்கும் திட்டம் உண்டு. ஒருவரோடு ஒருவர் பேசாமலே ஆண்டுக்கணக்கில் இருப்பவர்கள் உண்டு. பெற்றோர் பராமரிப்புச் சட்டம் 1995இல் வந்தது, பிள்ளைகள் மேல் மனுப் போடலாமே என்று சில தொண்டூழியர்கள் ஆர்வக்கோளாறில் சொல்லிவிடுகிறார்கள். அதைச் சமூக ஊழியர் சொல்லட்டும்.

கண்ணில் படுவதைக் கேளுங்கள். செடி, மீன்தொட்டி, வானொலியில் ஓடும் பாட்டு. சனிக்கிழமை நாலு நம்பர் லாட்டரி குலுக்கல் நாள், “இன்னைக்கு என்ன நம்பர் அங்கிள்?” என்றால் வாய் திறக்காதவரும் திறப்பார். (நம்பர் வாங்கித் தருகிறேன் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.)

மொழிக்கு வருவோம். சீனம் என்றதும் மாண்டரின் செயலியை இறக்கிவிடாதீர்கள். மாண்டரின் பேசுவோம் இயக்கம் 1979இல்தான் தொடங்கியது. எண்பதைத் தொட்ட பலருக்கு வீட்டு மொழி ஹொக்கியன், தியோச்சூ, கேன்டனீஸ் போன்ற வேறு சீன வழக்கு; பேரப்பிள்ளைகளோடேகூடச் சரளமாகப் பேச முடியாதவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அந்தத் தலைமுறைக்குச் சந்தை மலாய் தெரியும். “சுடா மக்கான்?” சாப்பிட்டாச்சா என்று அர்த்தம். ஹொக்கியனில் “ஜியா பா புவே?” இந்த இரண்டும் போதும், ஏனென்றால் மூன்று இனத்திலும் இதுதான் நலம் விசாரிப்பு.

அவர்கள் பேச்சின் சுருக்கத்தைக் கோபமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். “டோன்ட் வான்ட்”, “கேனாட்” எல்லாம் வெறும் பதில். நம் பக்கமும் ஒரு கோளாறு உண்டு: சரி என்பதற்கு நாம் தலையை இருபக்கமும் ஆட்டுவது அவர்களுக்கு ‘வேண்டாம்’ என்று தெரியும். “கேன்” என்று வாய்விட்டுச் சொல்லுங்கள்.

“இந்தியாவா?” என்பது பெரும்பாலும் வெறும் அடையாள விசாரிப்பு. சில நேரம் வேலைவாய்ப்புப் புகைச்சலும் கலந்திருக்கும். இந்தியாவோடு 2005இல் கையெழுத்தான பொருளியல் ஒப்பந்தத்தின் சுருக்கப் பெயரான ‘சீக்கா’வே இங்கே ஒரு ஏச்சாகிவிட்டது. “ஆமா ஆன்ட்டி, சென்னை, எட்டு மாசமாச்சு. சோறா, பீஹூனா (அரிசி சேமியா)?” அவ்வளவுதான் பதில். நாங்கள் வராவிட்டால் இங்கே ஐடி ஓடாது என்ற வாதத்தை வாசற்படியில் ஆரம்பித்தால் சாப்பாடு ஆறிப்போகும். ‘ஆ நே’ என்று கூப்பிடுவது காதில் விழலாம். நம் ‘அண்ணே’தான் அது என்பார்கள். சொல்பவரின் முகத்தைப் பார்த்தால் பரிவா நக்கலா என்று புரியும். ‘கெலிங்’ வேறு கதை, இழிசொல். “என் பேர் இது, அப்படியே கூப்பிடுங்க” என்று ஒரு தடவை சொல்லுங்கள், உங்களை அனுப்பும் நிலையத்திலும் சொல்லிவையுங்கள்.

வீட்டில் செய்த சாம்பாரை ஆசையாகக் கொண்டுபோவது அடுத்த தடுமாற்றம். மலாய் வீட்டில் சைவம் என்றாலும் தயங்குவார்கள், பிரச்சினை பாத்திரத்தில். முயிஸ் (இஸ்லாமிய சமய மன்றம்) ஹலால் முத்திரை உள்ள பொட்டலம் கொடுத்தால் இரு தரப்புக்கும் சங்கடமில்லை. குவான் யின் என்ற கருணைத் தெய்வத்தை வழிபடும் சீனர்கள் பலர் மாட்டிறைச்சி தொடமாட்டார்கள். சந்திர மாதத்தின் 1, 15ஆம் நாள்களில் பலர் சைவம், அதிலும் வெங்காயம் பூண்டு கிடையாது. நம் சாம்பார் அங்கே தேறாது. மலாய் மக்சிக் (ஆன்ட்டி), பக்சிக் (அங்கிள்) கை நீட்டினால் மட்டும் கை கொடுங்கள், இல்லையென்றால் வலக்கையை நெஞ்சில் வைத்தால் போதும்.

இருபது வெள்ளி கடன் கேட்டால் கொடுக்காதீர்கள். பணம் போவதுகூடப் பெரிதில்லை. திருப்பித் தர முடியாத வெட்கத்தில் அடுத்த வாரம் அவர் கதவையே திறக்கமாட்டார். அரசு உதவித் திட்டமான கோம்கேர் எண் 1800-222-0000, அதை எழுதிக் கொடுங்கள்.

“வெயிட் ஃபார் டை” என்று சிரித்துக்கொண்டே சொல்பவர்கள் இருப்பார்கள். அப்படிப் பேசாதீங்க என்று அதட்டினால் பேச்சு அதோடு நின்றுவிடும். “இன்னைக்கு என்ன ஆச்சு?” என்று கேட்டுவிட்டுக் காத்திருங்கள், அன்றே நிலையப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள். தற்கொலை எண்ணம் போலத் தெரிந்தால் தற்கொலைத் தடுப்பு அமைப்பான எஸ்.ஓ.எஸ். எண் 1767, 24 மணி நேரமும் இயங்கும்.

இவ்வளவும் சீனர், மலாய்க்காரர் பற்றி. உண்மையில் நம்மவர்கள் அதிகம் சறுக்குவது தமிழரிடம்தான், மொழி தெரியும் என்ற தைரியத்தில். உள்ளூர்த் தமிழ்ப் பாட்டியிடம் “சொந்த ஊர் எது?” என்றால் “ஈசூன்” என்று சிங்கப்பூர் வட்டாரம் ஒன்றைத்தான் சொல்வார். “அதுக்கு முன்னாடி?” என்று தோண்டாதீர்கள், மூன்று தலைமுறையாக இங்கே இருப்பவரை நீ இந்த ஊர்க்காரி இல்லை என்று சொன்னதுபோல் ஆகிவிடும். ஊர் கேட்டு, தெரு கேட்டு, குலதெய்வம் கேட்டு எங்கே போய் நிற்போம் என்பது உங்களுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அவர் தமிழில் மலாய் கலந்திருந்தால் திருத்தவும் வேண்டாம். “பசியாறிட்டீங்களா?” என்று அவர் கேட்டால் காலைச் சாப்பாட்டைக் கேட்கிறார், அழகான சொல், நீங்களும் எடுத்துக்கொள்ளலாம்.

வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிக்குப் போனால் புதுக்கோட்டை, சிவகங்கைத் தம்பிகளிடம் “ஏஜண்டுக்கு எவ்வளவு கட்டினீங்க?” என்று நாலு பேர் நடுவில் கேட்காதீர்கள். அந்தக் கடன் எவ்வளவென்று வீட்டுக்கே முழுதாகச் சொல்லாதவர்கள் உண்டு. சம்பளப் பாக்கி, காயம் என்று தனியாக வந்து சொன்னால் சட்டம் பேசாமல் வெளிநாட்டு ஊழியர் நிலையத்தின் 6536 2692 எண்ணைக் கொடுங்கள்.

அந்தத் தாத்தா வீட்டுக்கு வரும் சனிக்கிழமை வழக்கமான நேரத்துக்கே போங்கள். மன்னிப்பு என்று நீளமாக எதுவும் வேண்டாம். “அங்கிள், மக்கான்”, இரண்டு கையாலும் பை, அவ்வளவுதான். கதவு திறக்காவிட்டால் பையைக் கம்பிக்கதவில் மாட்டிவிட்டு வராதீர்கள், சமைத்த உணவு இந்தச் சூட்டில் நான்கு மணி நேரம்கூடத் தாங்காது. உள்ளே வானொலி ஓடுகிறது, செருப்பு வாசலில் கிடக்கிறது, ஆனால் பதில் இல்லை என்றால் அவர் கோபமாக இருக்கிறார் என்று நீங்களே முடிவுகட்டித் திரும்பிவிடாதீர்கள். விழுந்து கிடக்கலாம், அங்கே நின்றபடியே நிலையத்துக்குப் போன் போடுங்கள்.