மகன் திருமணத்தில் பூட்டனாரின் ஸ்காட்லாந்து உடை

கேள்வி: டொராண்டோவில் வசிக்கிறேன். என் தாயின் பாட்டனார் ஸ்காட்லாந்தின் அபர்டீன்ஷயரிலிருந்து இலங்கை மலையகத்துக்கு வந்த தேயிலைத் தோட்டத் துரை. தாயின் பாட்டியார் அதே தோட்டத்துத் தமிழ்ப்பெண். ஆகஸ்டில் என் மகனின் திருமணம். பூட்டனார் நினைவாக அன்று கில்ட் (ஸ்காட்லாந்து ஆண்கள் இடுப்பில் உடுத்தும் மடிப்புப் பாவாடை) உடுத்த ஆசை. ஆனால் அவருடைய குடும்பப் பெயர் எந்த ஸ்காட்லாந்துக் குலப் பட்டியலிலும் இல்லை. எனக்கு உரிமை உண்டா? எதை, எப்படி உடுத்துவது?

பதில்: தாராளமாக உடுத்தலாம். கில்ட் தைக்கும் கட்டம்போட்ட கம்பளித் துணிதான் டார்ட்டன். குலத்துக்கொரு டார்ட்டன் என்பது மரபு. ஆனாலும் இன்னார் இன்ன டார்ட்டனைத்தான் உடுத்த வேண்டும் என்று ஸ்காட்லாந்தில் சட்டம் ஏதும் இல்லை. மரபு கருதி விலக்க வேண்டியது பால்மோரல் டார்ட்டன். அது அரச குடும்பத்துக்கு உரியது. தடை இருந்த காலமும் உண்டு. பதவியிழந்த ஸ்டூவர்ட் அரச குடும்பத்துக்காக எழுந்த 1745 ஜாக்கோபைட் கிளர்ச்சியை ஒடுக்கிய பின், 1746-ல் வந்த சட்டம் ஸ்காட்லாந்தில் ஆண்கள் இந்த உடையை அணிவதையே குற்றமாக்கியது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதச் சிறை, மறுமுறை ஏழாண்டு நாடுகடத்தல். 1782-ல்தான் அது நீங்கியது. அப்படி மீண்டு வந்த உடையை, சொந்தப் பேரப்பிள்ளை வழியில் வந்த நீங்கள் கூசிக் கூசி உடுத்த வேண்டியதில்லை.

பல துரைமார் தோட்டத்தில் பிறந்த தங்கள் பிள்ளைகளை ஏற்கவே இல்லை; பெயரை வைத்து உறவைத் தேடுவது எளிதல்ல. ஆகவே, குலப் பட்டியலில் பெயர் தேடிச் சோர்வதைவிட ஊரைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்பேன். ஊர்களுக்கும் வட்டாரங்களுக்கும் டார்ட்டன் உண்டு, அபர்டீனுக்கும் இருக்கிறது. ஸ்காட்லாந்து அரசின் டார்ட்டன் பதிவேடு 2009 முதல் இணையத்தில் இயங்குகிறது. அதில் படத்தோடு பார்க்கலாம். உங்கள் மகன் விரும்பினால், கனடா 2011-ல் அதிகாரபூர்வமாக ஏற்ற மேப்பிள் இலை டார்ட்டனை அவர் உடுத்தட்டும். தொப்பியில் குலச் சின்னம் மட்டும் வேண்டாம். வார்ப்பட்டைக்குள் அமைந்த அந்தச் சின்னம் ஒரு குலத்தலைவரைச் சார்ந்தவர் என்பதற்கு அடையாளம். உங்களுக்கு அது பொருந்தாது.

இனி உடுத்தும் முறை. பெரும்பாலானோர் சறுக்குவது இடுப்பில்தான். வேட்டி கட்டிப் பழகியவர் கை தானாகவே கில்ட்டையும் கீழே இறக்கிவிடும். அது தொப்புள் மட்டத்தில் இறுக நிற்க வேண்டும். கீழ் விளிம்பு முழங்கால் சில்லின் நடுவைத் தொட்டால் போதும், அதற்குக் கீழே இறங்கினால் உடையின் அழகே போய்விடும். மடிப்புகள் முதுகுப்பக்கம், தட்டையான பகுதி முன்பக்கம், திறந்த ஓரம் வலப்பக்கம். அந்த ஓரத்தில் குத்தும் ஊசி மேல் மடிப்பில் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டு அடுக்கையும் சேர்த்துக் குத்தினால் நடக்கும்போது துணி இழுபட்டுக் கிழியும். முன்னால் தொங்கும் ஸ்போரன் பை, இடுப்பு வாரிலிருந்து ஒரு கையகலம் கீழே இருக்கட்டும். காலுறையின் மடிப்பு முழங்காலுக்கு இரண்டு மூன்று விரல் கீழே நிற்க வேண்டும். உட்காரும்போது பின்மடிப்புகளைக் கையால் நீவிவிட்டு அமருங்கள். இல்லையேல் விருந்து தொடங்குவதற்குள் மடிப்பு கசங்கிவிடும். உள்ளாடை பற்றி ஊரே கேலி பேசும்; அணிந்துகொள்ளுங்கள்.

முழு கில்ட்டுக்கு எட்டு கெஜம், அதாவது ஏழு மீட்டருக்கு மேல் துணி பிடிக்கும். ஆகஸ்ட் வெயிலுக்கு கெஜத்துக்கு 16 அவுன்ஸ் எடையுள்ள கம்பளி கனம் அதிகம். 13 அவுன்ஸ் எடுங்கள், அல்லது ஐந்து கெஜத்தில் தைக்கச் சொல்லுங்கள். மலிவான செயற்கை இழைத் துணி எனக்குக் கொஞ்சமும் உடன்பாடில்லை: மடிப்பு நிற்காது, நடக்கும்போது கில்ட்டுக்கே உரிய அந்த அசைவும் வராது. கைச்செலவு இடிக்கிறதென்றால் நல்ல கம்பளி கில்ட்டை வாடகைக்கு எடுப்பதே மேல். ஆனால் வாடகைக் கடையில் அபர்டீன் டார்ட்டன் கிடைப்பது அரிது. அங்கே பிளாக் வாட்ச் கேளுங்கள், அது யாரும் உடுத்தும் பொது டார்ட்டன். பகல் திருமணத்துக்கு ட்வீட் (சொரசொரப்பான கம்பளி) கோட்டு போதும். பிரின்ஸ் சார்லி எனும் குட்டையான முறைசார் கோட்டு மாலை விருந்துக்கு.

விருந்தினர் யாரேனும் வெளிநாட்டிலிருந்து இதே உடையில் வருவதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்: காலுறையில் செருகும் ஸ்கியன் டூ கத்தி விமானத்தில் கைப்பையில் வரக்கூடாது. கடல்நாய்த் தோல் ஸ்போரனை அமெரிக்காவுக்குள் கொண்டுபோக 1972-ம் ஆண்டுச் சட்டம் தடை போட்டிருக்கிறது. அந்த வழியாகப் பயணிப்பவர்கள் மாட்டுத்தோல் ஸ்போரன் வாங்குவதே நல்லது.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். அழைப்பிதழில் பூட்டனாரின் பெயரை அச்சிட்டால் பூட்டியாரின் பெயரையும் பக்கத்திலேயே அச்சிடுங்கள். கையால் தைக்கும் கில்ட்டுக்குப் பல வாரங்கள் ஆகும். ஆகஸ்டுக்கு வேண்டுமென்றால் அளவெடுப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.