கணினியில் தளபாடம் அடுக்குவது தொழிலாகுமா? புதுக்குடியிருப்புத் தாயொருவருக்கான பதில்

அன்புள்ள அம்மா,

உயர்தரப் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் உங்கள் மகள் நாள் முழுவதும் மடிகணினியில் வீடுகளுக்குக் கதிரையும் மேசையும் அடுக்கிக்கொண்டிருப்பதாகவும், இதனால் ஒரு தொழில் அமையுமா என்றும் கேட்டிருந்தீர்கள். அமையும். ஆனால் பிள்ளை அடுக்கும் ஒவ்வொரு பொருளும் உண்மை அளவில், உண்மையான இடத்தில் இருக்க வேண்டும். வண்ணமும் ஒளியும் சேர்த்துப் படத்தை அழகாக்கப் பலர் பழகிவிடுகிறார்கள். அளவில் நம்பத்தக்கவர்கள் குறைவு.

வன்னியில் இது வெறும் படத்தோடு முடிகிற காரியமல்ல. கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினர் பணம் அனுப்பிக் கட்டுவிக்கும் வீட்டின் படம் முதலில் அவருடைய கைத்தொலைபேசிக்குப் போகிறது. அவர் சம்மதித்ததும் அதே படம் தச்சுப்பட்டறைக்கு வருகிறது. அதை வைத்தே முதிரையும் தேக்கும் அறுக்கப்படுகின்றன. திரையில் நேர்ந்த பிழை அப்போது மரத்தின் விலையாகவும் தச்சரின் கூலியாகவும் மாறிவிடும்.

ஓர் உதாரணத்தைப் பாருங்கள். 10 அடி நீளமான அறையில் ஒரு சுவரோடு கட்டிலின் தலைமாட்டையும், எதிர்ச்சுவரோடு 2 அடி ஆழமான அலுமாரியையும் வைப்பதாகக் கொள்வோம். நம்மூரில் வழங்கும் 6 அடி மெத்தையென்றால், சட்டத்தின் தடிப்பை விட்டுப் பார்க்கையில், இடையே 24 அங்குலம் மிஞ்சும். 3 அடி அகல அலுமாரியின் 18 அங்குலக் கதவு தாராளமாகத் திறக்கும். ஆனால் இணையத்திலிருந்து இலவசமாக எடுக்கும் ஆயத்தக் கணினி மாதிரிக் கட்டில் பெரும்பாலும் அமெரிக்க 'குயின்' அளவில், 80 அங்குல நீளத்தில் இருக்கும். அதை அப்படியே வைத்தால் மிஞ்சுவது 16 அங்குலம். அலுமாரிக் கதவு கட்டிலில் முட்டும். படத்தில் அலுமாரி மூடியே இருப்பதால் இது எவர் கண்ணிலும் படாது. ஆகவே எந்தப் பொருளை இறக்கினாலும் அதன் நீள, அகல, உயரங்களை முதலில் அளந்து பார்க்கும் பழக்கம் பிள்ளைக்கு வேண்டும். மில்லிமீற்றரில் செய்த பொருளை மென்பொருள் அங்குலமாக வாசித்தால் அது 25.4 மடங்கு பெருத்துவிடும். அந்தப் பிழை உடனே தெரிந்துவிடும். எனக்குக் கவலை தருவது எட்டு அங்குலப் பிழைதான்.

அறையை அளப்பதும் அவ்வளவு முக்கியம். சுவரின் சாந்துப் பூச்சிலிருந்து எதிர்ச்சுவரின் பூச்சு வரை அளக்க வேண்டும். மூலைவிட்டங்கள் இரண்டையும் அளக்க வேண்டும். 12 அடிக்கு 9 அடி அறை சரியான செவ்வகமென்றால் இரண்டும் 15 அடி வரும். அனுபவமுள்ள மேசன்மாருக்கு இக்கணக்குத் தெரியும். பின்னர், கணினியில் பொருளைப் பிடித்து நகர்த்தும் புள்ளி அதன் நடுவில் இருக்கிறதா, பின்மூலையில் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும். நடுப்புள்ளியைச் சுவரோடு பொருத்தினால் பாதி அலுமாரி சுவருக்குள் புதைந்துவிடும். கதிரைக் கால்கள் தரையைத் தொடுகின்றனவா என்பதைப் பக்கத் தோற்றத்திலும், நடக்கும் வழி ஏறத்தாழ 900 மில்லிமீற்றர் இருக்கிறதா என்பதை மேலிருந்து பார்க்கும் தளப்படத்திலும் சரிபார்ப்பதே நல்லது. அகலக் கோணத்தில் எடுத்த காட்சி சிறிய விறாந்தையையும் மண்டபமாகக் காட்டிவிடும்.

கைத்தொலைபேசியின் கமராவினூடே அறைக்குள் கதிரையை வைத்துப் பார்க்கும் செயலிகளும் உண்டு. ஐக்கியா என்ற தளபாட நிறுவனம் 2017இல் அப்படியொன்றை வெளியிட்டது. மங்கிய வெளிச்சத்திலும், பளபளக்கும் ஒரே நிற மாபிள் தரையிலும் கமராவுக்குப் பிடித்துக்கொள்ள அடையாளப் புள்ளிகள் கிடைப்பதில்லை. பொருள் வழுக்கி நகரும். வாடிக்கையாளருக்கு எண்ணத்தை விளக்க அவை போதும், பட்டறைக்கு அளவு கொடுக்கப் போதா.

மகளின் ஆர்வம் எவ்வளவு ஆழமானது என்று அறிய, உங்கள் வீட்டு முன்னறையையே அளந்து, அங்குள்ள தளபாடங்களை உள்ளபடி கணினியில் அமைக்கச் சொல்லுங்கள். இரு தளபாடங்களுக்கு இடையிலான தூரத்தை நீங்களே அளவு நாடாவால் அளந்து, திரையில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். வித்தியாசம் வந்தால் அதன் காரணத்தைத் தேடிப் பிடிக்கும் பொறுமை பிள்ளையிடம் இருக்கிறதா என்பதையே நான் பார்ப்பேன். இதற்கு ஸ்வீட் ஹோம் 3டி, பிளெண்டர் ஆகிய இலவச மென்பொருள்கள் போதும்; முன்னது பழைய கணினியிலும் ஓடும்.

படிப்பைப் பொறுத்தவரை, பெறுபேறு இடங்கொடுத்தால் மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தின் கட்டடக்கலைப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கலாம்; அதற்கு உளச்சார்புப் பரீட்சையிலும் சித்தியடைய வேண்டும். இல்லையெனில் தேசிய தொழிற்றகைமைச் சான்றிதழ் தரும் படவரைஞர் பயிற்சியை விரும்பிச் சிபாரிசு செய்வேன். கிளிநொச்சி அறிவியல் நகரிலுள்ள இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவகத்திலும், வவுனியா தொழினுட்பக் கல்லூரியிலும் இவ்வாண்டு எந்தெந்த நெறிகளுக்கு அனுமதி உண்டு என்று நேரில் சென்று விசாரியுங்கள். பெருந்தொகை கேட்கும் தனியார் வகுப்பில் சேர்ப்பதானால், பணம் கட்டுமுன், மாணவர்களை உண்மையான வீடொன்றுக்கு அழைத்துச்சென்று அளக்கப் பழக்குவார்களா என்று கேளுங்கள். இல்லையென்றால் அந்தப் பணத்தைக் கட்டவேண்டாம்.