சோடியம் ஏன் சுருங்குகிறது? அணு, அயனி அளவு பற்றிய கேள்வி பதில்

பிளஸ் ஒன் பிள்ளைகள் அனுப்பிய கேள்விகளில், அணு, அயனி (எலக்ட்ரானை இழந்தோ பெற்றோ மின்சுமை ஏற்ற அணு) ஆகியவற்றின் அளவு பற்றியவற்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

தனிம அட்டவணையின் ஒரே வரிசையில் வலப்பக்கம் போகப் போக எலக்ட்ரான் கூடுகிறது. பிறகு அணு ஏன் சிறுக்கிறது சார்? (மாணவி, தண்டையார்பேட்டை)

எலக்ட்ரானை மட்டும் எண்ணினால் இந்தக் குழப்பம் வரத்தான் செய்யும்மா. புரோட்டானும் ஒவ்வொன்றாகக் கூடுகிறதே! புதிதாக வரும் எலக்ட்ரான்கள் அதே வெளிக்கூட்டில்தான் (உட்கருவைச் சுற்றியுள்ள எலக்ட்ரான் அடுக்குகளில் வெளிப்புறமானது) சேருகின்றன. ஒரே கூட்டில் இருப்பவை உட்கருவின் இழுப்பை ஒன்றுக்கொன்று அவ்வளவாக மறைப்பதில்லை. இழுப்பு ஓங்குகிறது, அணு சிறுக்கிறது.

அயனியானால் சோடியம் சிறுக்கிறது, குளோரின் பெருக்கிறது. மனப்பாடம் செய்யாமல் புரிந்துகொள்ள முடியுமா? (மாணவர், வியாசர்பாடி)

முடியும் தம்பி. சோடியம் இழப்பது ஒரே ஒரு எலக்ட்ரான். ஆனால் அதோடு மூன்றாம் கூடே காலியாகிவிடுகிறது. மிச்சமுள்ள 10 எலக்ட்ரான்களை 11 புரோட்டான்கள் இழுக்கின்றன. 186 பிக்கோமீட்டராக (ஒரு மீட்டரில் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் பிக்கோமீட்டர்) இருந்த ஆரம் 102 ஆகிவிடுகிறது. குளோரினில் கூடு மாறுவதில்லை, 17 புரோட்டானும் அப்படியே இருக்கின்றன. எலக்ட்ரான் மட்டும் 18 ஆகிறது. அவற்றுக்குள் விலக்கம் கூடுவதால் 99 என்பது 181 ஆகிறது.

சோடியம் அயனியின் ஆரம் ஒரு புத்தகத்தில் 95, இன்னொன்றில் 102. எது சரி அண்ணா? (மாணவர், எண்ணூர்)

நல்ல கேள்வி. இதைக் கேட்காமலேயே பலர் எண்களை உருப்போடுகிறார்கள்.

உங்கள் ஊர் உப்பளத்துக் கல்லுப்பு ஒன்றை எடுத்து உற்றுப் பாருங்கள், சதுர விளிம்பு தெரியும். உள்ளே சோடியம் அயனியும் குளோரைடும் (குளோரின் அயனி) மாறி மாறி அடுக்கப்பட்டிருக்கின்றன. ஒவ்வொன்றையும் சுற்றி எதிர் வகை அயனிகள் 6. எக்ஸ் கதிரைக் கொண்டு 1913இல் இயற்பியலாளர் லாரன்ஸ் பிராக் கண்டறிந்த அமைப்பு இது. அடுத்தடுத்த இரண்டு உட்கருக்களுக்கு இடையே 282 பிக்கோமீட்டர். அளந்தது இந்தத் தூரத்தைத்தான்.

இதில் சோடியத்தின் பங்கு எவ்வளவு, குளோரைடின் பங்கு எவ்வளவு? எலக்ட்ரான் மேகத்துக்குக் கறாரான எல்லை கிடையாது, ஆகவே ஏதாவது ஒரு விதி வைத்துத்தான் பிரிக்க வேண்டும். வேதியியலாளர் லைனஸ் பாலிங், எலக்ட்ரான்கள் உணரும் உட்கரு இழுப்பைக் கணக்கில் வைத்துப் பிரித்தார். சோடியத்துக்கு 95 வந்தது. 1976இல் ஷானன் என்ற வேதியியலாளர் வெளியிட்ட அயனி ஆரப் பட்டியலில் 102. அந்த 102ஐ 181உடன் கூட்டினால் 283, அளந்த தூரத்துக்கு மிக அருகில். எந்தப் பட்டியலையும் எடுத்துக்கொள்ளலாம். ஒன்றிலிருந்து பாதி, மற்றதிலிருந்து பாதி என்று மட்டும் எடுக்காதீர்கள்.

ஆக்சைடு, புளூரைடு, சோடியம், மெக்னீசியம் அயனிகளை எப்படி வரிசைப்படுத்துவது? (மாணவி, ராயபுரம்)

நான்கிலும் 10 எலக்ட்ரான்தான். புரோட்டானை எண்ணுங்கள்: 8, 9, 11, 12. ஆரம் அதே வரிசையில் 140, 133, 102, 72 என்று இறங்கும்.

லித்தியம் அயனி பொட்டாசியம் அயனியைவிடச் சிறியது. பிறகு ஏன் தண்ணீரில் மெதுவாக நகர்கிறது? (மாணவர், பெரம்பூர்)

76 பிக்கோமீட்டர் அளவே உள்ள இடத்தில் ஒரு முழு நேர்மின்சுமை இருப்பதால், லித்தியம் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறது. 138 உள்ள பொட்டாசியத்தின் பிடி தளர்வானது. நீரோடு சேர்த்துப் பார்த்தால் லித்தியம்தான் பெரியது, அதனால் மெதுவாகப் போகிறது. தேர்வில் ‘நீர்க்கரைசலில்’ என்று கேட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு, அப்புறம் விடை எழுதுங்கள்.